மூன்று ஓரமும் வெட்டிய புத்தகம்

என் மகள் விமானம் ஓட்டப் படித்தாள். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. நானாகப் போய் யாரிடமும் சொன்னதில்லை. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் பைண்டிங் பட்டறையில் எப்படியோ தெரிந்துபோனது. அதற்குப் பிறகு காலையில் நான் உள்ளே நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏலே, பைலட்டுக்கு அப்பா வந்துட்டாரு, வழி விடுங்க. அண்ணாச்சி, பிளேனு வந்தா எங்கன நிப்பாட்டுவீக? வாட்டர் டேங்க் மேலயா?" என்று கட்டிங் மெஷின்காரர் கேட்பார்.

"நம்ம டைரி லோடை அதுல ஏத்திவிடுங்க அண்ணாச்சி. லாரிக்காரன் தொல்லை விட்டுச்சு" என்பார் பசை தடவுகிறவர்.

நான் சிரித்துவிட்டு என் மேசைக்குப் போய்விடுவேன். பதினொரு வயதில், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். அச்சான தாள்களை வரிசையாக அடுக்குவது, தைப்பது, அட்டை ஒட்டுவது. இத்தனை வருடத்தில் எத்தனையோ லட்சம் புத்தகங்கள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தவை சொற்பம்.

உண்மையில் என் மகள் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. அவள் படித்ததெல்லாம் தரையில் உட்கார்ந்து படிக்கிற படிப்பு. உரிமம் வேண்டுமென்றால் முதலில் எழுத்துத் தேர்வுகளை முடிக்க வேண்டும். விதிமுறைகள் ஒரு தாள், வானிலை ஒரு தாள், எஞ்சினும் இறக்கையும் பற்றி ஒரு தாள். நான்காவது நேவிகேஷன். வானத்தில் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கணக்குப் போடுகிற பாடம் அது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் தேர்ச்சி.

பறக்கும் பயிற்சிக்கு ஆகும் செலவு எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. ஆனால் எழுத்துத் தேர்வு எல்லாம் முடித்தவர்களுக்கு அந்தச் செலவைக் கொடுக்கும் ஓர் உதவித் திட்டம் இருப்பதைச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் அவளே விசாரித்து வந்திருந்தாள். அதற்கு வயது வரம்பு உண்டு. தை மாதத்தோடு அவளுக்கு அது முடிகிறது. மூன்று தாள்கள் முடிந்துவிட்டன. நேவிகேஷன் மட்டும் இரண்டு தடவை கையைவிட்டுப் போயிருந்தது. முதலில் அறுபத்தொன்று, அடுத்து அறுபத்தைந்து. தைக்குள் இன்னும் ஒரு தடவைதான் எழுத முடியும். கார்த்திகையில் தேர்வு.

வானிலைத் தாளை மகள் முதல் தடவையிலேயே முடித்ததற்குத் தானே காரணம் என்று என் மனைவி சொல்லிக்கொள்வாள். என் மனைவி பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறாள். காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மகள் வாசலில் உட்கார்ந்து, காற்றில் ஈரப்பதம் என்றால் என்ன, இடிமேகம் எப்படித் திரளும் என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள்.

"இதுக்கெல்லாம் ஒரு பரீச்சையா?" என்று என் மனைவி கேட்டாள். "எங்க போர்மேன் காலையில பேப்பர்க் குழாயை ரெண்டு விரல்ல உருட்டிப் பாத்தே சொல்லிருவாரு, இன்னைக்கு சரக்கு காயுமா காயாதான்னு. மேகம் கூடுறதுக்கு முந்தியே எங்களை ரூமை விட்டு வெளிய வாங்கன்னு கத்துவாரு. அந்த மனுசனைக் கொண்டுபோயி உக்கார வச்சா நூத்துக்கு நூறு எடுப்பாரு."

"அவரு இங்கிலீஷ்ல எழுதணும்மா."

"எழுதத்தான் நீ இருக்கியே."

வானிலை அவள் அம்மாவுடையது என்றால் நேவிகேஷன் எனக்கு வந்தது. சாயந்திரம் பட்டறை விட்டு வந்ததும் மொட்டை மாடியில் அவள் எதிரே உட்காருவேன். கேள்வியை அவளே உரக்கப் படிப்பாள். பதில் இருக்கும் தாளை நான் பிடித்திருப்பேன். ஆங்கில எழுத்துகள் எனக்குத் தெரியும்; அச்சாகி மடித்து வரும் ஃபாரங்களை ஏ, பி, சி என்று குறி பார்த்துத்தானே அடுக்குகிறோம். அவள் "சி" என்பாள். தாளில் சி இருந்தால் "ம்" என்பேன். வேறு எழுத்து இருந்தால் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சும்மா இருப்பேன். என் மௌனத்தைப் பார்த்து அவளே மறுபடி போட்டுப் பார்ப்பாள்.

சிலது எனக்கும் புரிந்தது. விமானம் மேற்கே போகிறது, காற்று வடக்கேயிருந்து அடிக்கிறது, மூக்கை எவ்வளவு வடக்கே திருப்பிப் பிடித்தால் நேராகப் போகும் என்று ஒரு கணக்கு. ஆடிக் காற்றில் மொபெட்டில் பண்டல் ஏற்றிக்கொண்டு சாத்தூர் ரோட்டில் போகும்போது நானும் வண்டியைக் காற்று வரும் பக்கமாகவே பிடித்துக்கொண்டு போவேன். தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன்.

"அதேதான்ப்பா! அதேதான்!" என்று கையைத் தட்டினாள்.

அந்தச் சாயந்திரங்களில் நான் நம்பினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இவள் எடுத்துவிடுவாள் என்று நம்பினேன்.

சென்னையில் மூன்று மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் தங்கிப் படித்துவிட்டு வந்திருந்தாள். அங்கே கொடுத்த நகல் தாள்கள்தான் அவளுடைய பாடப் புத்தகம். எண்பது தொண்ணூறு தாள் இருக்கும், இரண்டு பக்கமும் அச்சு. மேலே ஒரு கிளிப் மட்டும் போட்டு வைத்திருந்தாள். புரட்டிப் புரட்டி ஓரங்கள் சுருண்டு, நைந்து, மூலைகள் நாய்க்காது மாதிரி மடங்கிக் கிடந்தன. பைண்டிங் தொழில் பார்க்கிறவன் வீட்டில் ஒரு படிப்பு இப்படிக் கிளிப்பில் தொங்குகிறதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் மகளும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். மகள் பாஸாக வேண்டும் என்று என் மனைவி மாவிளக்கு நேர்ந்திருந்தாள். எங்களுக்குக் காலண்டர் சீசன், ஞாயிறும் வேலை உண்டு. அவர்கள் கிளம்பியதும் அந்தத் தாள்களை எடுத்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சாயந்திரம் அவள் வரும்போது மேசைமேல் புத்தகமாக இருக்க வேண்டும் என்று ஆசை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். பக்க எண்களை இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு தாள்கூட மாறவில்லை. பக்கவாட்டில் கம்பி அடித்து, டைரிக்கு வந்த கருநீல ரெக்சினில் மிச்சம் கேட்டு வாங்கி அட்டை போட்டேன். பசை காய்ந்ததும் கட்டிங் மெஷினுக்குக் கொண்டுபோனேன்.

"யாரு ஆர்டரு அண்ணாச்சி? ஒத்தைப் புஸ்தகமா இருக்கு."

"மகளுக்கு."

"பைலட்டம்மா புஸ்தகமா! அப்ப கத்தியத் தொடச்சிட்டுல்ல போடணும்" என்று உண்மையாகவே துணியால் கத்தியைத் துடைத்தார். "ஓரம் ரொம்ப நைஞ்சு கெடக்கே, எம்புட்டு எடுக்க?"

"அரை இஞ்ச் எடுங்க. மூணு பக்கமும்."

சொன்னது நான்தான். அவர் கேட்டார், நான் சொன்னேன்.

இதை மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் தாளின் ஓரம் என்பது கழிவு. வெட்டுவதற்காகவே விட்டுவைக்கிற இடம். அச்சில் அங்கே எதுவும் வராது. பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால் அது தாள் எண்ணுகிறவர் போட்ட குறி, மெஷின்காரர் போட்ட குறி. வேலை முடிந்ததும் கத்தியோடு போய்விட வேண்டியது. முப்பத்தைந்து வருடமாக ஓரத்தில் பென்சிலைப் பார்த்தால் அது போக வேண்டியது என்றுதான் என் கண் எடுத்துக்கொள்ளும். அவள் தாள்களின் ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அது எனக்கு எழுத்தாகத் தெரியவில்லை.

மூன்று தடவை கத்தி இறங்கியது. ஓரம் கண்ணாடி மாதிரி வந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பட்டறையில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "கடையில வச்சா வெலை போகும் அண்ணாச்சி" என்றார் பசை தடவுகிறவர். அன்று மதியம் முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயந்திரம் அவள் நெற்றியில் கோயில் குங்குமத்தோடு வந்தாள். மேசைமேல் புத்தகத்தைப் பார்த்ததும், "ஐயோ, சூப்பரா இருக்குப்பா!" என்றாள். எடுத்து முகத்தருகே வைத்து மோந்து பார்த்தாள். பிறகு திறந்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். பிறகு வேகமாகத் திருப்ப ஆரம்பித்தாள்.

"அப்பா, ஓரம் எங்கப்பா?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "நைஞ்சிருந்துச்சு தாயி. வெட்டியாச்சு."

அவள் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அச்சடித்த கேள்விகளுக்குப் பக்கத்தில், வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் போட்டுக் காட்டிய ஒவ்வொரு கணக்கையும் அவள் ஓரத்தில் பொடியாக எழுதி வைத்திருந்தாள். தாளில் வேறு வெற்றிடம் இல்லை. எந்தக் கணக்கில் எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும், எங்கே ஏமாந்துவிடுவோம் எல்லாம் அங்கேதான் இருந்தது. இப்போது தாளின் முன்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் கடைசி எண் போயிருந்தது. பின்பக்கத்தில் முதல் எண் போயிருந்தது. மேலும் கீழும் எழுதியவை மொத்தமாகவே இல்லை. இருபத்தேழு என்று நின்ற இடத்தில் இருநூற்று எழுபதா, இருநூற்று எழுபத்தெட்டா என்று இனி யாருக்கும் தெரியாது.

என் மனைவிதான் கத்தினாள். "ஒம்ம யாரு இதைத் தொடச் சொன்னா? புள்ள கேட்டாளா? கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

"அம்மா, விடு. அப்பா நல்லதுக்குத்தான் செஞ்சாரு" என்றாள் மகள். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

மொபெட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. மறுநாள் திறக்கும்போது வாசலில் நின்றேன். கழிவுத் தாள்களைச் சாக்குகளில் அமுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். காலையிலேயே அவற்றை ஏற்றிப் போக வண்டி வந்துவிடும். ஒரு சாக்கைப் பிரித்துக் கொட்டினேன். காலண்டரின் ஓரங்கள், டைரியின் ஓரங்கள், ஆயிரக்கணக்கில் வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள். கூட்டிப் பெருக்குகிற அக்கா என்ன தேடுகிறேன் என்று கேட்டார். பென்சில் எழுத்து இருந்தால் எடுங்க என்றேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கட்டிங் மெஷின்காரர் வந்து பார்த்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை. வண்டிக்காரரிடம், "செத்த பொறு மாப்ள" என்று மட்டும் சொன்னார். ஒன்பது மணிக்கு மேல் வண்டியை நிறுத்திவைக்க முடியவில்லை.

கிடைத்தவை ஒரு கைப்பிடி. சட்டைப் பையில் மடங்காமல் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தரையில் பரப்பி, வெட்டுப்பட்ட எழுத்தோடு எழுத்தைச் சேர்த்துப் பார்த்தாள். ஏழெட்டுக் கீற்றுகள் சேர்ந்தன. அதற்கே அவளுக்கு இரண்டு நாள் ஆனது. பாடம் எடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், போனில் பிடிக்க முடியவில்லை. கூடப் படித்த பெண் தன்னுடைய தாள்களைப் படம் எடுத்து அனுப்பினாள். அந்தப் பெண் ஓரத்தில் எதுவும் எழுதும் பழக்கம் இல்லாதவள்.

அதன் பிறகும் சாயந்திரங்களில் மாடியில் உட்கார்ந்தோம். அவள் போனில் ஏதேதோ வீடியோ பார்த்து ஒவ்வொரு கணக்காகத் திரும்ப முதலிலிருந்து போட்டாள். ஒரு கணக்கில் ஒரு மணி நேரம் நின்றுவிடுவாள். பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள், வரி வெட்டுப்பட்ட ஓரத்தில் பாதியில் நிற்கும். உடனே, நான் பார்த்துவிட்டேனோ என்று பக்கத்தை மூடுவாள். நான் வானத்தைப் பார்ப்பேன். அவள் "பி" என்பாள், தாளில் டி இருக்கும், நான் சும்மா இருப்பேன். முன்பெல்லாம் என் மௌனத்துக்கு அவள் சிரிப்பாள். இப்போது பென்சிலைத் தாளில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தேர்வுக்குச் சென்னைக்கு நானும் கூடப் போனேன். என் மனைவிக்கு அது தீபாவளி முடிந்து ஆலை திறக்காத நேரம், அவள் வருகிறேன் என்றாள். மகள்தான் அப்பா வரட்டும் என்றாள். தேர்வு மையத்தின் வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் கார் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து டிரைவரா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அது அந்த நேரத்துக்குச் சுலபமாக இருந்தது.

வெளியே வந்த மகள் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தாள். "ரெண்டு இடத்துக்கு நடுவுல திரும்பி வர்ற கணக்கு ரெண்டு வந்துச்சுப்பா. அன்னைக்கு நாம பாத்தோம்ல, அந்த மாடல்தான். அதுல மூணாவது ஸ்டெப்புல எதை வகுக்கணும்னு ஓரத்துலதான் எழுதி..." என்றவள் நிறுத்தினாள். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "மத்தபடி அதுல இருந்து ஒண்ணும் பெருசா வரலப்பா. எல்லாம் புதுசு" என்றாள்.

"சரி தாயி" என்றேன்.

அறுபத்தேழு வந்தது. எழுபதுக்கு மூன்று குறைவு.

அந்த ஓரங்கள் இருந்திருந்தால் எழுபது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. முன்பும் ஓரங்கள் இருந்தபோதுதான் அறுபத்தைந்து எடுத்தாள் என்று என் மனைவி ஒரு நாள் எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். அது ஆறுதலாக இல்லை. இரண்டு மதிப்பெண் கூடத்தான் எடுத்திருக்கிறாள் என்றால், அவ்வளவு நெருங்கி வந்தவளுக்கு மீதி மூன்றைக் கொடுக்க அந்தப் பொடி எழுத்துகளால் முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இதை அவளிடம் சொல்லவில்லை.

மார்கழியில் சூலக்கரைக்குப் போனோம். ஒரு தாள்தான் பாக்கி, விண்ணப்பத்தை இப்போதே வாங்கிக்கொள்வார்களா, அந்தத் தாளைப் பிறகு முடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றாள் மகள். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். 'ஐயா, பிள்ளை மேல தப்பு இல்ல, அவ நோட்ஸை நான்தான் தெரியாம வெட்டிட்டேன், ஒரு வாய்ப்புக் கொடுங்க.' அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்ல மனுஷி. மகளை உட்காரச் சொன்னார். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூணு பேப்பர் முடிச்சிருக்கியேம்மா, கெட்டிக்காரிதான். ஆனா நாலும் இருந்தாத்தான் நான் ஃபைல்ல சேக்க முடியும். தையோட ஒனக்கு வயசு முடிஞ்சிருது. இதுல நான் எதையும் மாத்த முடியாதும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அப்பாவா? ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வாயில் அந்த வாக்கியம் முழுதாக இருந்தது. "இல்லங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. விதி விதிதான். ஆனால் என் மகள் அன்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை அது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். ஊர் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

"இனிமே நான் இதை எழுதலப்பா" என்றாள்.

"இன்னொரு தடவை எழுதிப் பாரு தாயி. பாஸாயிட்டா..."

"பாஸாயிட்டா என்னப்பா? அதுக்கப்புறம் பறக்குறதுக்கு யாரு குடுப்பா?"

கையிலிருந்த டிக்கெட்டை இரண்டாக மடித்தேன். அவளே சொன்னாள்: "உங்க பட்டறைக்கு ஆர்டர் குடுக்குற டைரி கம்பெனியில டிசைன் செக்ஷனுக்கு ஆள் கேக்காகளாம். நீங்க சொல்லிவிட்டா எடுத்துக்கிருவாகளாப்பா?"

"எடுத்துக்கிருவாக" என்றேன். "நாளைக்கே கேக்கேன்."

மறுநாள் கேட்டேன். அதைக் கேட்க எனக்குக் கூச்சமாகவே இல்லை. திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார்கள்.